மகப்பேறும் வருகைப் பதிவேடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் சேரும் மாணவியரின் எண்ணிக்கை கூடிவருவதைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். சேருகிறவர்களைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரையாளர், படிக்கும் காலத்தில் கருவுற்றோ கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமலோ இடையில் நின்றுவிடுகிறவர்களைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. சேலம் வட்டாரக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் இவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு நேர்ந்ததில் எனக்கும் பங்குண்டு.

பருவத்திற்குப் பொதுவாக 90 வேலை நாட்கள்; தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஆக, 22 நாட்களுக்கு மேல் வராதவர் மருத்துவச் சான்றோடு, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான ‘கண்டோனேஷன்’ கட்டணமும் கட்டி, முதல்வரின் அறை வாசலில் நிற்க வேண்டும். அதற்கும் 65 விழுக்காடு வருகையாவது இருக்க வேண்டும் என்ற எல்லை உண்டு. பிரசவத்திற்குப் பின் ஆறு வாரம் வீட்டிலிருந்தாலே, வாரத்துக்கு ஐந்து நாள் கணக்கில், 30 நாட்கள் போய்விடும். மசக்கையில் போன நாட்களையும் பரிசோதனைக்குப் போன நாட்களையும் சேர்த்தால் அந்த எல்லையும் தாண்டிவிடும். மஞ்சள் காமாலையையும் டைபாய்டையும் மனத்தில் வைத்து எழுதிய விதி இது. பிள்ளைப்பேற்றை அது எண்ணிப் பார்க்கவேயில்லை.

என் மாணவி ஒருத்தி ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள மலைக் கிராமத்திலிருந்து வந்தவள். இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் திருமணம் ஆனது. திருமணமானவர்களை விடுதியில் வைத்துக்கொள்வதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம் என்பதால், மூன்றாம் ஆண்டு முழுவதும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் பேருந்தில் இறங்கி ஏற வேண்டியதாயிற்று. கருவுற்ற பிறகு, அடிவாரத்தில் இறங்கி வாந்தி எடுத்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்து வருவாள்; அதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும், அரை நாள் வரவில்லை என்று பதிவாகியிருக்கும். ஆய்வகத்தில் கரைப்பான்களின் ஆவி படாமலிருக்க அவளைச் சன்னலோரம் நிற்கச் சொன்னேன். அதற்கு மேல் அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. செய்முறைப் பயிற்சியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை. ஏழாம் மாதத்தோடு நின்றுவிட்டாள். சான்றிதழ் வாங்க வந்தபோது, படிப்பை நிறுத்தக் காரணம் என்ற இடத்தில் “சொந்தக் காரணம்” என்று எழுதினாள். துறைத்தலைவராக நான் கையெழுத்திட்டேன். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கோப்பைத் தேடினாலும் கிடைக்காது என்பதற்கு அந்த இரண்டு சொற்களும் என் கையெழுத்துமே காரணம்.

வழி இல்லாமல் இல்லை. மாணவியருக்கு மகப்பேற்று விடுப்பும் வருகையில் தளர்வும் தேர்வு விண்ணப்பத்துக்குக் கூடுதல் காலமும் அளிக்க விதிகள் வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 14.12.2021 அன்றே துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதியது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு 240 நாட்கள் வரை என்று விதிமுறையிலேயே இருக்கிறது. இளநிலை, முதுநிலை மாணவியரின் விஷயம் மட்டும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கேரள அரசு 2023இல் 18 வயது நிரம்பிய மாணவியருக்கு 60 நாட்கள் என்று ஆணையிட்டது. நம் மாநிலத்தில் அரசுக் கல்லூரிப் பேராசிரியைக்கு 2021 முதல் 12 மாத மகப்பேற்று விடுப்பு உண்டு. அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வகுப்பில் அமர்ந்திருக்கும் கர்ப்பிணிக்கு அந்த 22 நாட்கள்தான்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளைத் தன்னகத்தே கொண்ட பெரியார் பல்கலைக்கழகம், மகப்பேற்று விடுப்பின் நாட்களை எண்ணாலேயே குறித்து, இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொருந்தும் ஒரே விதியாக அறிவிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. முதல்வர் நல்லவராக இருந்தால் கிடைக்கும் என்ற நிலை போதாது. கேட்கக் கூச்சப்படுகிற பெண், நல்லவரிடமும் கேட்கமாட்டாள். சான்றுக்காக அலையவைக்கவும் தேவையில்லை. கருவுற்றதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்ததும் கிடைக்கும் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி (PICME) எண்ணே போதும். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் “இடைநிற்றல் இன்றி” படிக்கிறவர்களுக்கு உரியது என்பதால், மகப்பேற்று விடுப்பு இடைநிற்றல் ஆகாது என்று அரசு ஒரு வரி சேர்க்கவும் வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகுதான் பெரிய சிக்கல். அங்கன்வாடியில் இரண்டு வயதுக்குப் பிறகே சேர்ப்பார்கள். அதுவரை மாமியாரோ அம்மாவோ பார்த்துக்கொண்டால் படிப்பு, இல்லையேல் இல்லை. பால் கட்டிக்கொண்டு மதிய இடைவேளையில் கழிவறையில் பீய்ச்சிவிட்டு வந்த பி.எட். மாணவியை எனக்குத் தெரியும். பேருந்து நிலையங்களில் 2015இலேயே பாலூட்டும் அறை வந்துவிட்டது. கல்லூரியில் ஒரு சிறு அறை ஒதுக்குவது முடியாத காரியமா?

இப்படி இடங்கொடுத்தால் படிக்கும்போதே கட்டிக்கொடுப்பது பெருகும் என்று என்னுடன் பணியாற்றியவர்களே வாதிட்டதுண்டு. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. நம் பக்கத்தில் அதைக் கறாராகச் செயல்படுத்தவும் வேண்டும். ஆனால் 22 வயதில் முதுநிலையோ பி.எட்.டோ படிக்கிறவர் சட்டப்படி மணந்து தாயாவதில் கல்லூரிக்கு என்ன வழக்கு? பெற்றோர் அவசரப்பட்டு மணம் முடித்திருந்தாலும், அந்தப் பெண்ணின் பட்டத்தையும் பறிப்பதால் அவசரம் குறையப்போவதில்லை.

2021ஆம் ஆண்டுக் கடிதத்தின்மேல் தங்கள் கல்லூரி என்ன விதி வகுத்தது, அது மாணவியர் கையேட்டில் அச்சாகியுள்ளதா என்று இம்மாவட்டக் கல்லூரிகளிடம் தங்கள் செய்தியாளர் கேட்டு, கிடைக்கும் பதில்களை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.