மேடை விளக்கில் பத்து நிமிடம் கொடுங்கள்

ரோபோ போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகளின் ரோபோ மஞ்சள் கட்டைகளைத் தொடாமலே தாண்டிப் போனதை முன்வரிசையில் உட்கார்ந்து நீங்களே பார்த்தீர்கள். தோல்வியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மேடை வெளிச்சத்துக்கு ஏற்ப கேமராவைச் சரிசெய்ய ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் கேட்ட இரண்டு நிமிடத்தை மறுத்தீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அல்சூரில் ஒரு மொட்டை மாடி அறையில் ஆறு பிள்ளைகள் சேர்ந்து செய்த ரோபோ அது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சாதாரண யூஎஸ்பி வெப்கேம், ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி ஒன்று, அதை இயக்க லினக்ஸ் மென்பொருள். இந்த மாதிரி கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். வீடியோ காலுக்கு அது போதும், ரோபோவுக்கு அது ஆகாது. கறுப்புத் தரை தெரிந்தால் படம் முழுவதையும் வெளுக்க வைக்கும், மஞ்சள் கட்டை வெள்ளையாகிவிடும். வெள்ளைக் கோடு குறுக்கே வந்தால் இருட்டாக்கும், சிவப்பு பழுப்பாகிவிடும். அதனால் ஆட்டோ எக்ஸ்போஷர் என்ற அமைப்பை 3 என்ற எண்ணிலிருந்து, அதாவது தானியங்கி முறையிலிருந்து, 1-க்கு, அதாவது கைமுறைக்கு மாற்றி, கேமரா ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்க வேண்டும் என்பதை (அதுதான் எக்ஸ்போஷர்) நாமே கொடுக்க வேண்டும். அங்கே ஓர் அலகு என்பது ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று. லேப்டாப்பில் இருந்த புது கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இந்த அமைப்புக்கு ஒரு பெயர், ராஸ்பெர்ரி பையில் இருந்த பழைய கெர்னலில் வேறு பெயர். ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் கேமரா பழையபடி ஆட்டோவுக்கே போய்விடுகிறது என்று தெரிந்ததும், செருகியவுடன் எண்ணைத் தானாகவே திரும்ப வைக்கும்படி லினக்ஸில் யூடெவ் விதி என்ற சின்னக் கட்டளை ஒன்றை எழுதினார்கள்.

அணியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறாள். ட்யூப்லைட்டுக்கு 100. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது. 100 என்று வைத்தால் 10 மில்லி வினாடி, அதற்குள் சரியாக ஒரு துடிப்பு அடங்கிவிடும், படத்தில் பட்டை பட்டையாக விழாது. ரோபோ வினாடிக்கு அரை மீட்டர் ஓடினாலும் அந்த நேரத்தில் 5 மில்லிமீட்டர்தான் நகரும், கட்டையின் ஓரம் கலையாது. இதையெல்லாம் அவளே கணக்குப் போட்டு எழுதியிருந்தாள்.

பின் ஹாலில் நீங்கள் கொடுத்த பயிற்சிக் களத்தில் ட்யூப்லைட். அங்கே எல்லாம் சரியாக ஓடியது. பரிசோதனை முடிந்து ரோபோவை மேடைக்குக் கொண்டுபோனால், வீடியோ எடுப்பதற்காக மேலே வரிசையாக ஃபோகஸ் விளக்குகள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள். "மாமா, இதுக்கு 100 ஆகாது, ரொம்ப இறக்கணும். எவ்வளவுன்னு ஒரு தடவை போட்டுப் பார்த்தாதான் தெரியும்" என்றாள். நடுவரிடம் போய்க் கேட்டாள். பரிசோதனைக்குப் பிறகு நிரலைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது. நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு களத்தின் ஓரத்தில் நின்றாள். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, அது நடப்பதை மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்போஷர் என்பது நிரல் அல்ல ஐயா, கேமராவின் அமைப்பு. சிக்பேட்டையில் புடவை எடுக்கும் அம்மாக்கள் அதை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தானே பணம் கொடுக்கிறார்கள்? கடைக்குள் தெரிந்த நிறம் தெருவில் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் கேட்டதும் அதுதான். இனிமேலாவது எந்த வெளிச்சத்தில் ஆட்டமோ, அந்த வெளிச்சத்தில் பத்து நிமிடம் கொடுங்கள்.

மேடை அலங்காரத்துக்கும் சிறப்பு விருந்தினர் பேச்சுக்கும் முக்கால் மணி நேரம் இருந்தது. மாதக்கணக்காக உழைத்த பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் இல்லை. இந்த நகரத்தில் நான் பார்த்த போட்டிகள் பலவற்றிலும் இப்படித்தான், விளக்கு புகைப்படத்துக்காகப் போடப்படுகிறது, போட்டியாளரை யாரும் நினைப்பதில்லை. வெப்கேம் விற்பவர்களும் அப்படியே. பெட்டி மேல் மெகாபிக்சலைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். எக்ஸ்போஷரைக் கையால் மாற்ற முடியுமா என்று ஒரு வரி கிடையாது. வாங்கி, லினக்ஸ் கணினியில் செருகி, கேமராவின் அமைப்புகள் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. பிள்ளைகள் முதலில் வாங்கிய கேமராவில் அந்த அமைப்பே இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்கு விதிகளைத் திருத்தும்போது இதை மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: ஆட்டம் நடக்கும் களத்தில், ஆட்டத்தின்போது எரியும் அதே விளக்குகளைப் போட்டு, ஒவ்வோர் அணிக்கும் பத்து நிமிடம். அந்த நேரத்தில் கேமரா அமைப்புகளை மட்டும் மாற்றலாம் என்று எழுதுங்கள். யாராவது நிரலைத் தொடுகிறார்களா என்று பார்க்க நடுவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். அதன் பிறகு விளக்கை யாரும் மாற்றக்கூடாது என்பதையும் சேர்த்தால் நல்லது.

காலை ஆறு மணிக்கு வரச் சொன்னாலும் வருகிறோம். விளக்குப் போட ஆள் வேண்டுமென்றால் பெற்றோர்கள் நாங்கள் நான்கு பேர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அணியின் பயிற்சியாளர்,
அல்சூர், பெங்களூரு