நியூ ஆர்லியன்ஸ் போகும் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

மார்ச் மாதத்தில் நியூ ஆர்லியன்ஸ் போவதாக எழுதியிருந்தாய். நல்ல மாதம். வெள்ளி காலை இறங்கி திங்கள் இரவு கிளம்புகிறீர்கள் என்றால் சாப்பாட்டை இப்போதே நாள்வாரியாகப் பிரித்துவிடு. அந்த ஊரில் பண்டத்துக்குப் பண்டம் ஒரு கிழமை, ஒரு பருவம் உண்டு. கிழமை தப்பினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பாய்.

முதலில் மருமகள் விஷயம். அவள் மாடும் பன்றியும் தொடமாட்டாள். அங்கே பன்றி கண்ணுக்குத் தெரியாமல் வரும். கீரையை அதன் எலும்போடு வேகவைப்பார்கள். கடல் மீன் வகை போட்ட கம்போ என்ற அந்த ஊர்க் குழம்பில்கூட ஆண்டூயி என்ற புகையூட்டிய பன்றி சாசேஜ் கிடக்கும். 'கறி உண்டா' என்று மட்டும் கேட்டால், துண்டாக இல்லை என்ற நினைப்பில் இல்லை என்றுவிடுவார்கள். எலும்பு, கொழுப்பு, சாசேஜ், கறி வேகவைத்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளி மதியம் ஆர்லியன்ஸ் அவென்யூவில் இருக்கும் டூக்கி சேஸ் உணவகத்துக்குப் போங்கள். ஞாயிறு, திங்கள் அங்கே விடுமுறை. 1941 முதல் நடக்கும் கடை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சட்டம் தடை போட்டிருந்த காலத்தில், சிவில் உரிமைப் போராளிகள் கூடிப் பேசியது இதன் மாடியறையில்தான். 2019-இல் மறைந்த லியா சேஸ் அம்மையார் அந்த அடுப்படியைப் பல பத்தாண்டுகள் ஆண்டார். பொரித்த கோழி சொல், கம்போ உனக்கு மட்டும் சொல்.

கம்போவை எடைபோடத் தெரிந்துகொள். மாவும் எண்ணெயும் சம அளவு எடுத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கை விடாமல் கிளறினால் சாக்லேட் நிறம் வரும். அதுதான் 'ரூ'. ஒரு கரும்புள்ளி தென்பட்டாலும் சட்டியோடு கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் குழம்பு முழுக்கக் கசக்கும். நிறம் கறுக்கக் கறுக்க மாவின் பிடிப்பு குறையும். அதை ஈடுகட்டத்தான் வெண்டைக்காயோ சசாஃப்ராஸ் என்ற மரத்தின் இலைப் பொடியோ சேர்க்கிறார்கள். ஆப்பிரிக்க மொழி ஒன்றில் வெண்டைக்காய்க்கு இருந்த பேரே கம்போ ஆனது என்பார்கள். இலைப் பொடியை அடுப்பை அணைத்த பிறகே தூவ வேண்டும். கொதித்தால் நூல் நூலாக இழுக்கும். நல்ல கம்போ ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் ஓடும். களி போல நின்றால் மாவை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை கிராஃபிஷ், அதாவது அந்த ஊர்ச் சேற்று இறால். பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை நன்றாகக் கிடைக்கும். ஆளுக்கு மூன்று பவுண்டு சொல்லுங்கள். தோலும் தலையும் போனால் கைப்பிடிச் சதைதான் மிஞ்சும். தலையைத் திருகிப் பிடுங்கி, வாலின் முதல் வளையத்தை உரித்து, நுனியை அழுத்தினால் சதை கழன்று வரும். மிளகாய்க் காரம் விரலில் ஏறியிருக்கும், கண்ணைத் தேய்க்காதே.

பச்சைச் சிப்பி மட்டும் வேண்டாம். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதில் இருக்கக்கூடிய விப்ரியோ கிருமி சர்க்கரைக்காரர்களையும் ஈரல் நோயாளிகளையும்தான் ஆளை வீழ்த்தும் அளவுக்குத் தாக்கும். ஹாட் சாஸோ மதுவோ அதைக் கொல்லாது. வெண்ணெயும் பூண்டும் விட்டு நெருப்பில் சுட்ட சிப்பி டிராகோஸ் என்ற உணவகத்தில் கிடைக்கும், அதைச் சாப்பிடு.

ஞாயிறு காலை எட்டு மணிக்குள் டிகேட்டர் தெருவில் கஃபே டூ மோண்டில் இருங்கள். பிறகு போனால் வரிசை வளைந்து நிற்கும். பென்யே என்ற பொரித்த மாவுப் பண்டம் தட்டுக்கு மூன்று. மேலே சர்க்கரைப் பொடி குன்றாகக் குவிந்திருக்கும், மூச்சை இழுத்துக்கொண்டே கடித்தால் புரையேறும். கறுப்புச் சட்டை வேண்டாம். காபியில் நம் ஃபில்டர் காபியில் சேர்க்கும் அதே சிக்கரி, பாதிக்குப் பாதி சூடான பால். மதியம் மருமகளுக்கு இறால் போபாய், அதாவது நீள ரொட்டிக்குள் இறால் வைத்த சாண்ட்விச், வாங்கிக் கொடு. 'டிரெஸ்ட்' என்றால் லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனெய்ஸ் சேர்ந்து வரும். அந்த ரொட்டியின் மொறுமொறுப்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். பொட்டலம் கட்டாமல் அங்கேயே சாப்பிடுங்கள்.

திங்கள் சிவப்பு பீன்ஸும் சோறும். ஞாயிற்று விருந்தில் மிஞ்சிய பன்றி எலும்பைப் போட்டு, துணி துவைக்கும் நாளில் தானாக வேகட்டும் என்று அடுப்பில் விட்ட சமையல் இது. எலும்பு இருப்பதால் இது உனக்கு மட்டும்.

குடிப்பதானால் சாசெராக் என்ற காக்டெய்ல் ஒன்று: ரை விஸ்கி, பெய்ஷோ பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு, சர்க்கரை, அப்சிந்த் என்ற மதுவை உட்புறம் பூசி மிச்சத்தைக் கொட்டிய கோப்பை. ஐஸ் இருக்காது, மெதுவாகக் குடி. போர்பன் தெருவில் ஹரிக்கேன் என்று நீட்டுவார்கள். பழச்சாறு மாதிரி இனிக்கும், உள்ளே ரம் நிறைய. வெறும் வயிற்றில் தொடாதே. பிளாஸ்டிக் கோப்பையில் தெருவில் ஏந்தி நடக்கலாம். கண்ணாடிக்கு அனுமதி இல்லை. அன்றைக்குக் காரை விட்டுவிட்டு டிராமில் போங்கள்.

பில்லில் வரி போக, டிப்ஸ் இருபது சதவீதம் வைத்துவிடு. திரும்பும்போது கஃபே டூ மோண்ட் காபி டின் ஒன்று வாங்கி வா. சிக்கரி அதிலேயே கலந்திருக்கிறது. மேலும் சேர்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா