ஹெரெஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? போனில் நீங்கள் கேட்டதற்கு வேலை அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஒயினில் ஸ்பிரிட் ஊற்றுகிறார்களாமே, அது கலப்படம் இல்லையா?" என்றீர்கள். கம்பத்தில் திராட்சை போடுகிறவர் கேட்கவேண்டிய கேள்விதான். விவரமாகவே எழுதுகிறேன்.

கலப்படம் இல்லை அப்பா. சேர்ப்பதும் ஒயினிலிருந்து வடித்தெடுத்த ஸ்பிரிட்தான். அதை எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதில்தான் ஸ்பெயினின் இந்த ஹெரெஸ் ஊர் ஒயினான ஷெர்ரியின் குணமே இருக்கிறது. இங்கே பெரும்பாலும் பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சை. சாறு பிழிந்து நொதிக்கவிட்டால் 11, 12 சதவீதம் ஆல்கஹால் வரும். அப்புறம் அதன் மேல் தானாகவே ஒரு ஈஸ்ட் படர்கிறது, ஆறின பாலில் ஏடு கட்டுகிற மாதிரி. ஃப்ளோர் என்கிறார்கள். மற்ற ஊர்களில் ஒயின் மேல் இப்படிப் படர்ந்தால் கெட்டுப்போச்சு என்று பதறுவார்கள். இங்கே அதுதான் காவல். காற்றை அண்டவிடாமல் ஒயினை வெளிர் நிறத்திலேயே வைத்திருக்கும். உள்ளே இருக்கும் கிளிசரினைத் தின்றுவிடுவதால் ருசி கொஞ்சமும் இனிப்பில்லாமல் சுருக்கென்று இருக்கும். பாதாமும் ரொட்டி மாவும் கலந்த ஒரு வாசனை வரும்.

ஸ்பிரிட் சேர்த்து ஆல்கஹாலை 15 சதவீதம் வரை ஏற்றினால் ஃப்ளோர் உயிரோடு இருக்கும், வேண்டாத கிருமி வராது. அது பீனோ. 17-க்கு மேல் போனால் ஃப்ளோர் செத்துவிடும். காற்று பட்டுப் பட்டு ஒயின் பழுப்பேறி, அக்ரூட் வாசனையோடு கனத்துவிடும். அது ஒலொரோசோ. ஒரே திராட்சை, ஒரே நிலம், இரண்டு சதவீதத்தில் வேறு வேறு ஒயின்! எது எந்த வழிக்கு என்று முகர்ந்து பார்த்து முடிவு செய்வது கபத்தாஸ் என்ற ஒயின் கிடங்கு மேஸ்திரி. மென்மையானதற்குப் பீப்பாய் மேல் சாக்பீஸில் ஒரு சாய்ந்த கோடு, கனமானதற்கு ஒரு வட்டம். எங்கள் லேப் ரிப்போர்ட்டை அவர் பார்ப்பார்தான், ஆனாலும் கடைசியில் மூக்கைத்தான் நம்புவார். அது சரி என்றே எனக்கும் படுகிறது. சமீபத்தில் விதியையும் மாற்றிவிட்டார்கள். திராட்சையிலேயே 15 சதவீதம் இயல்பாக வந்துவிட்டால் ஸ்பிரிட் சேர்க்காமலே பீனோ என்று விற்கலாம்.

இன்னொன்று. லேபிளில் பெரும்பாலும் வருஷம் இருக்காது. 600 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அடி வரிசை சொலேரா, அதில் இருப்பதுதான் பழசு. விற்பனைக்கு அதிலிருந்து ஒரு பங்கு மட்டும் எடுத்து, குறைந்ததை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள். அதை அதற்கும் மேல் வரிசையிலிருந்து. புது ஒயின் உச்சி வரிசைக்குப் போகும். எந்தப் பீப்பாயையும் காலி செய்வதில்லை. அதனால் 100 வருஷத்துக்கு முன் வைத்த சொலேராவில் அந்தக் காலத்துத் துளி இன்னும் கொஞ்சமாவது இருக்கும். ஃப்ளோருக்கும் புது ஒயின்தான் சாப்பாடு, நிரப்பாமல் விட்டால் மெலிந்துவிடும். மூச்சுவிட இடம் வேண்டும் என்று பீப்பாயில் ஆறில் ஒரு பங்கை காலியாகவே விடுவார்கள்.

கோடையில் லெவான்தே என்ற வறண்ட காற்று அடிக்கும். அப்போது ஃப்ளோருக்கு ஈரம் குறையாமலிருக்க, கிடங்கு ஜன்னல்களில் கோரைப்பாய் மாதிரித் தட்டியை இறக்கி, மண் தரையில் தண்ணீர் தெளிப்போம். கடலோரத்து சான்லூகரில் ஈரம் அதிகம், ஃப்ளோர் வருஷம் முழுக்கத் தடிப்பாக இருக்கும். அங்கே ஃப்ளோருக்கு அடியில் முதிரும் ஒயினுக்கு மன்சனில்யா என்று தனிப்பெயர்.

நம் ஊர்ப் பந்தல் இங்கே கிடையாது. கொடி குட்டையாக நிற்கும், அறுவடையும் வருஷத்துக்கு ஒரே தடவைதான், ஆகஸ்ட், செப்டம்பரில். மண் அல்பாரிசா, சுண்ணாம்பு வெள்ளை. அறுவடை முடிந்ததும் வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பாத்தியாக வெட்டி, குளிர்கால மழையைத் தேக்கிவிடுகிறார்கள். கோடைக்கு மண் அந்த ஈரத்தையே கொடுக்கும். நம் மேட்டுத் துண்டில் தண்ணீர் ஓடிவிடுகிறதே, அங்கே ஒரு வரிசையில் மட்டும் இப்படி வெட்டிப் பாருங்கள்.

ருசி பார்த்ததும் துப்பிவிடுவோம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், கவலைப்படுகிறார்கள். கவாத்து முடிந்ததும் தம்பியை போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்