நீ அனுப்பிய வாக்கியங்கள்

குடியாத்தம்
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பரீட்சைக்குப் பழக நீ நோட்டில் ஆங்கில வாக்கியங்கள் எழுதி போட்டோ எடுத்து அனுப்பிய பக்கம் வந்தது. போனிலேயே திருத்தி அனுப்புங்கப்பா என்று போட்டிருந்தாய். அந்தச் சின்னத் திரையில் எனக்குத் திருத்த வராது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, இதோடு வைத்திருக்கிறேன். வீட்டு விலாசத்துக்குப் போடாமல் உன் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே போடுகிறேன். பகலில் அங்கே ஆள் இருக்க மாட்டார்கள், தபால்காரர் திரும்பிப் போய்விடுவார்.

உன் கையெழுத்து மாறவே இல்லை. வேலூருக்கு நர்ஸிங் படிக்கப் போனபோது நம் தெருவிலிருந்து அப்படிப் போன முதல் பெண் நீ. இன்றைக்கும் யாருக்காவது ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால் நம் வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பாப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் சார் என்று. முன்பெல்லாம் உடனே உனக்குப் போன் போடுவேன். இப்போது, அவள் டியூட்டியில் இருப்பாள், அப்புறம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுகிறேன்.

பரீட்சையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவ வேலைக்கான ஆங்கிலப் பரீட்சை ஓ.இ.டி.யில் எழுத்துக்கு சி பிளஸ் வந்தால் பிரிட்டனில் நர்ஸுகளைப் பதிவு செய்கிற என்.எம்.சி. எடுத்துக்கொள்கிறது. கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றுக்கும் பி வேண்டும். எழுத்துத்தான் பயம் என்றாய். எனக்கு அந்தப் பயம் இல்லை. 45 நிமிஷம், அதில் முதல் 5 நிமிஷம் வாசிக்க. கேஸ் நோட்டைப் பார்த்து ஒரு கடிதம் எழுத வேண்டும். வார்டில் நீ தினமும் செய்கிற வேலைதான் அது. பேசுகிற பகுதிக்குத்தான் நீ பழக வேண்டும். எதிரே ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து பேசுவார். அவர் வாய்விட்டுச் சொல்லாததையும் நீ கேட்டு வாங்க வேண்டும்.

அந்த வகையில் நீ எடுத்துக்கொண்ட சொற்கள் தேவையானவைதான். பேர் (bear), ஸ்டாண்ட் (stand), டாலரேட் (tolerate), புட் அப் வித் (put up with). நாலுமே பொறுத்துக்கொள்வதைச் சொல்பவை. ஆனால் ஒன்று உட்காரும் இடத்தில் இன்னொன்று உட்காராது. பள்ளிக்கூடத்தில் இதை ஒவ்வொரு வருஷமும் நடத்தினேன். உனக்கும் நான்தான் நடத்தினேன். அதனால் நீ 'டாலரேட்ஸ் டு லிவ்' என்று எழுதியதைப் பார்த்ததும் வருத்தமாக இருந்தது. டாலரேட்டுக்குப் பின்னால் 'டு' வராது. 'டாலரேட்ஸ் லிவிங்' என்று ஐஎன்ஜி வைத்துத்தான் எழுத வேண்டும். ஸ்டாண்டுக்கும் அப்படியே எழுதினால் பத்திரம். 'கான்ட் பேர்' ஒன்றுதான் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், 'டு சீ' என்றாலும் சரி, 'சீயிங்' என்றாலும் சரி.

புட் அப் வித்தில் கடைசி 'வித்' மிக முக்கியம். அதை விட்டால் அர்த்தமே போய்விடும். வெறும் புட் அப் என்றால் சுவரில் படம் மாட்டுவது, வந்த விருந்தாளியை வீட்டில் தங்க வைப்பது. இரண்டு இடத்தில் 'வித்' விட்டிருக்கிறாய். அவசரத்தில் எழுதினாயா? விளக்கு வெளிச்சம் போதவில்லையா? போட்டோவைப் பார்த்தால் ராத்திரி எழுதினது போலத் தெரிகிறது. நைட் டியூட்டி இல்லாத நாளில் ராத்திரி தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

'ஐ ஹேவ் பார்ன் எவ்ரிதிங்' என்று எழுதி, பார்னில் (borne) கடைசி எழுத்தான 'இ'யை விட்டிருக்கிறாய். 'இ' இல்லாத பார்ன் பிறப்புக்கு மட்டும்தான், அதுவும் 'பிறந்தான், பிறந்தாள்' என்று சொல்கிற இடத்தில். தாங்கினேன், சுமந்தேன் என்பதற்கு 'இ' சேர்த்து எழுத வேண்டும். ஒரு தாய் பிள்ளை பெற்றதை 'ஷீ ஹேஸ் பார்ன்' என்று சொன்னால் அதற்கும் 'இ' உண்டு. ஆதியில் அந்த வினைக்குச் சுமந்துகொண்டு போவது என்றுதான் அர்த்தம். இதைக் கேஸ் நோட்டில் நீ தப்பாக எழுத மாட்டாய். உன் நோட்டில் ஏன் எழுதினாய் என்று தெரியவில்லை.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடி முடிந்தது. கூட்டம் வழக்கம்போல. பாப்பா வரவில்லையா என்று தெருவே கேட்டது, லீவு கிடைக்கவில்லை என்று சொன்னோம். போன வருஷமும் அதைத்தான் சொன்னோம். வெயில் 40 டிகிரிக்கு மேல் அடிக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வேறொன்றும் இல்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். நீ முதல் வரியில் எழுதியது 'ஐ ஆம் பேரிங் இட்'. இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, இந்த அர்த்தத்தில் பேர் என்ற வினையை ஐஎன்ஜி போட்டு இப்படி யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. கேஸ் நோட்டில் 'டாலரேட்டிங் ஓரல் ஃப்ளூயிட்ஸ்' என்று எழுதுகிறீர்களே, நோயாளி குடிப்பது வாந்தி வராமல் தங்குகிறது என்று, அது சரி. அது ஆஸ்பத்திரி வழக்கு. வீட்டில் பேசுகிற ஆங்கிலம் அப்படி இல்லை. பேர், ஸ்டாண்ட் இரண்டும் பெரும்பாலும் 'கான்ட்' என்பதோடுதான் வரும். கான்ட் பேர், கான்ட் ஸ்டாண்ட். எனக்கு முடியவில்லை, என்னால் ஆகாது என்று சொல்வதற்குத்தான் அவர்கள் அந்தச் சொற்களை அதிகம் எடுக்கிறார்கள். முடிகிறது என்று சொல்ல எடுப்பது குறைவு. சின்னக் குழந்தைகூடச் சொல்லும், பெரிய மனிதரும் சொல்வார். அப்படிச் சொன்னதற்காக யாரும் யாரையும் குறைவாக நினைப்பதில்லை. நீ பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய், ஒரு இடத்தில்கூட கான்ட் இல்லை. நான் சிவப்பில் சேர்த்திருக்கிறேன். திரும்ப எழுதும்போது அப்படியே எழுது.

இரண்டாவது, அந்த 'இட்'. இவை எல்லாம் செயப்படுபொருள் கேட்கிற வினைகள். எதைப் பொறுக்கிறாய் என்பது பின்னால் வர வேண்டும். முன் வாக்கியத்தில் சொல்லிவிட்ட ஒன்றைக் குறிக்கத்தான் 'இட்' போடலாம். உன் பக்கத்தில் முன் வாக்கியமே இல்லை. படிக்கிறவனுக்கு இட் என்றால் எது என்று எப்படித் தெரியும்? வலியா, சத்தமா, வேலையா, ஆளா? பெயரைச் சொல்லி எழுது. இட் போடாதே.

பேசும் பகுதிக்கு ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் அங்கே வயதான நோயாளிகள் பலர் 'பேரபிள்' என்று சொல்வார்கள். 'கான்ட் கம்ப்ளெயின்' என்பார்கள். அதை வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. வலி இருக்கிறவர்தான் பேரபிள் என்பார், இல்லாதவருக்கு அந்தச் சொல்லே தேவைப்படாது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று திருப்பிக் கேள். எப்போதிலிருந்து, எந்த இடத்தில் என்று கேள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் கேள். போனில் நீயும் இப்போதெல்லாம் 'ஓகேப்பா' என்றுதான் சொல்கிறாய். நான் திருப்பிக் கேட்கும் முன்பே டூட்டிக்கு நேரமாச்சு என்கிறாய்.

டாலரன்ஸ் என்ற பெயர்ச்சொல்லை ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் மாமா வேறு அர்த்தத்தில் சொல்வார், நீ சின்னப் பிள்ளையாக அவர் மடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். ஒரு தண்டைக் கடைவதற்கு முன்னாலேயே வரைபடத்தில் அளவும் இருக்கும், அளவில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் இருக்கும். அதைத் தாண்டினால் அந்த உருப்படியை எடுக்க மாட்டார்கள். கடைந்தவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் சரி. எல்லை எழுதாத வரைபடத்தை வைத்துக்கொண்டு யாரும் மெஷினில் கை வைப்பதில்லை. மாமாவிடம் நீ பேசு. அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. வாணியம்பாடியில் நடந்ததை அவர் மறந்துவிட்டார்.

உன் பக்கத்தில் கீழே இருந்து மூன்றாவது வரிக்கு இப்போது வருகிறேன். 'ஹி டஸ் நாட் டாலரேட் மை டாக்கிங் டு மை மதர்.' இதில் ஒரு தப்பும் இல்லை. ஐஎன்ஜி சரி, அதற்கு முன்னால் 'மை' போட்டது இன்னும் சரி, பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூட 'மீ' என்று எழுதுகிற இடம். செயப்படுபொருளும் இருக்கிறது. பக்கத்திலேயே எதை என்று தெளிவாகச் சொன்ன வாக்கியம் இது ஒன்றுதான். அதற்கு டிக் போட எனக்குக் கை வரவில்லை. ஜெராக்ஸில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன், பார்.

ஹி என்பது யார்? உதாரணத்துக்காக எழுதினதாக இருக்கலாம். கோச்சிங் புத்தகத்தில் இருந்த வாக்கியமாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். பாடம் என்று சொன்னேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். அவள் அதைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கையெழுத்து நல்லா இருக்கு என்று திருப்பிக் கொடுத்தாள். பொங்கலுக்கு அப்புறம் அவள் உன் குரலைச் சரியாகக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் பேசுகிறாய், பின்னால் யாரோ கூப்பிடுவது கேட்கிறது, வைத்துவிடுகிறாய். பெற்ற அம்மாவிடம் கால் மணி நேரம் பேச முடியாதா? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. பேச முடியாதா என்று உண்மையாகவே கேட்கிறேன்.

மாப்பிள்ளை நல்லா இருக்கிறாரா? அவரை விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்ல வேண்டாம். இந்தக் கடிதம் வந்ததையே சொல்ல வேண்டாம்.

உன் கல்யாண மண்டபத்தில் நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கி, பெண்ணென்றால் பூமி மாதிரி பொறுக்கணும் என்று நீளமாகப் பேசினாரே, நினைவிருக்கிறதா? எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ ராத்திரியெல்லாம் கண் விழித்து அனாடமி படித்தது ஒருவரைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதற்காக இல்லை. வார்டில் முப்பது பேர் வலியைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறவள் உன் வலியை 'இட்' என்று எழுதினால் எனக்குத் தாங்காது. தெரு என்ன சொல்லும், சொந்தம் என்ன சொல்லும் என்று எங்களுக்காக நீ யோசிக்கிறாய் என்றால், அதை விட்டுவிடு. தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆடி மாசம் பெரியத்தை வந்தபோது யார் என்ன சொன்னார்கள், அம்மா என்ன பதில் சொன்னாள் என்று உனக்குத் தெரியாததில்லை. நீ வந்தாலும் அதே பதில்தான் சொல்வாள்.

பரீட்சைப் பணத்தை நான் கட்டுகிறேன். உன் சம்பளம் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. என் பென்ஷன் கணக்கிலிருந்து நேராகக் கட்டலாமா, எப்படிக் கட்டுவது என்று மட்டும் எழுது. உன் சர்டிபிகேட் எல்லாம் எங்கே இருக்கிறது? பத்தாவது, பன்னிரண்டாவது, நர்ஸிங் கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட், எல்லாம் உன் கையிலேயே இருக்கிறதா? இருந்தால் அசலை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து பீரோவில் வைத்துவிட்டுப் போ. இல்லாவிட்டால் யாரிடம் இருக்கிறது என்று எழுது.

பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் ஏறினால் பங்காருப்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை, ஆம்பூர், அப்புறம் நம் ஊர். குடியாத்தத்தில் நிற்காத வண்டியாக இருந்தால் காட்பாடி வரைக்கும் வா, எந்த நேரமானாலும் நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸில் வா. வருவதற்கு முன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வர முடியவில்லை என்றால், திருத்திய பக்கத்தைப் பார்த்து எல்லா வாக்கியத்தையும் திரும்ப எழுதி அனுப்பு. கான்ட் போட வேண்டிய இடத்தில் போடு. இட் போடாதே, பெயரை எழுது. கீழே இருந்து மூன்றாவது வரியில் 'ஹி' யாரென்று எழுது. போனில் எழுத முடியாவிட்டால் ஆஸ்பத்திரி லெட்டர் பேடில் எழுதித் தபாலில் போடு. அடுத்த வெள்ளிக்குள் ஒன்றும் வரவில்லை என்றால் சனிக்கிழமை நானும் அம்மாவும் கிளம்பி வருகிறோம். உன் வீட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. உன் ஷிப்ட் முடிகிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா