கயலுக்கு, தனியாக இருக்கும்போது படிக்க

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் உன்னோடு வந்தவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வந்தவர்கள் என்றால் எல்லோரும்தான்.

போனில் பேசலாம் என்றால் அம்மா உடனே ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். விஜி அத்தை திண்ணையில் இருந்தாலும் இருப்பாள். அதனால்தான் கையால் எழுதி, தாள் தாளாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

கல்லாறுக்கு மேலே மண் சரிந்து குன்னூர் ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வழக்கமாக நடப்பதுதான். சித்தப்பா வீட்டு மாடி வேலை இன்னும் முடியவில்லை, முடியவும் முடியாது. ஊர்ச் செய்தி அவ்வளவே.

நீ மியூனிக்கில் ஏறி ஜூரிக்கில் இறங்கிய ரயிலைப் பற்றி ஓய்வூதியர் கூட்டத்தில் சொன்னேன். ஜெர்மனியில் கிளம்பி, பிரெகன்ஸ் என்று ஆஸ்திரியாவின் ஒரு மூலையைத் தொட்டு, சுவிட்சர்லாந்துக்குள் போகிறது, ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் மூன்று நாடு என்றேன். பாதிப் பேர் நம்பவில்லை. நடுவில் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்களா என்று ஒருவர் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அதனால் என் பெண் அசல் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் உடம்போடு வைத்திருப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். வைத்திருக்கிறாய் அல்லவா? பையில் அல்ல, உடம்போடு. பை மேல் தட்டில் இருக்கும், நீ கீழே தூங்குவாய்.

உன் அம்மா இந்தப் பயணமே வேண்டாம் என்றவள். படிப்பு முடிந்து வேலை தேட ஜெர்மனி கொடுப்பது 18 மாதம், அதில் ஊர் சுற்றினால் எப்படி என்றாள். நான்தான் உன் பக்கம் நின்றேன். ஐரோப்பிய ரயில்களில் சுற்றிவரும் இண்டர்ரெயில் பாஸ் 27 வயது வரைதான் இளையோர் விலையில் கிடைக்கும், அப்புறம் முழு விலை, இப்போது போகாமல் எப்போது போவாள் என்றேன். கிடங்கில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில்தானே போகிறாள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. விஜி அத்தையின் வித்யாவும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தாள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு வருத்தம். அந்த ரயில் விண்டர்தூரில் நின்றிருக்கும். நம் மலை ரயிலின் பழைய நீராவி இஞ்சின்களைச் செய்த ஊர். ஏற்றத்தில் வழுக்காமல் தண்டவாளப் பல்லைக் கவ்வி ஏறும் நம் பாதையின் பல்சக்கர முறையை உருவாக்கிய ஆப்ட் என்பவரும் சுவிட்சர்லாந்துக்காரர்தான். சின்ன வயதில் இஞ்சினின் பித்தளைத் தகட்டில் அந்த ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நீ. பெயர்ப்பலகையை ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்திருக்கலாம். தூங்கிவிட்டேன் என்றாய். சரி. வித்யா எடுத்து எனக்கு அனுப்பினாள். "பெரியப்பா, உங்கள் இஞ்சின் ஊர்" என்று ஒரு வரி. அதுதான் அவளிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் செய்தி.

இண்டர்லாக்கன் படங்கள் வந்தன. யுங்ஃபிராவ்யோக் உயரம் 3,454 மீட்டர் என்று அம்மாவுக்குச் சொன்னேன். 1912-இல் மலையைக் குடைந்து அங்கே பல்சக்கர ரயில் விட்டிருக்கிறார்கள். பாதையில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள். நம் பாதையில் 16 சுரங்கம் என்று பீற்றிக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டேன். பனியில் நீங்கள் கைகோத்து நிற்கும் படம் நன்றாக இருந்தது. ஆனால் அந்த ரயிலுக்கு உங்கள் பாஸ் செல்லாது, தள்ளுபடி மட்டும்தான் என்று படித்தேன். தள்ளுபடி போகவும் அது சின்னத் தொகை இல்லை. எல்லோரும் ஏறினீர்களா, கீழே யாராவது காத்திருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. குளிர் அதிகமாக இருந்திருக்கும், குன்னூரிலேயே சிலருக்கு மூச்சு இழுக்கும் என்பதால் நினைத்துக்கொண்டேன். அந்த இன்ஹேலர் எப்போதும் உன் பையின் முன் அறையில்தானே இருக்கும், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து? இப்போதும் உன் பையில்தான் இருக்கிறதா?

அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஜெர்மன் சிம்மைப் பயன்படுத்தினால் தனியாகக் காசு பிடிப்பார்கள் என்றாய். நியாயம். ஆனால் இத்தாலி ஒன்றியத்தில்தான் இருக்கிறது. சிம்ப்ளான் சுரங்கம் தாண்டியதும் போன் வேலை செய்திருக்கும். 1906-இல் திறந்தது, ஏறக்குறைய 20 கிலோமீட்டர், எழுபது வருடத்துக்கு மேல் உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம் அதுதான். அதற்குள் போகும்போது எப்படி இருந்தது என்று சொல்வாய் எனக் காத்திருந்தேன். படங்கள் மட்டும் வருகின்றன, கீழே ஒரு வரியும் இல்லாமல்.

அந்தப் படங்களில் நாலு பேர் இருக்கிறீர்கள். முதலில் அம்மாவிடம், வித்யா எடுக்கிறாள் போலிருக்கிறது, அவளுக்குத்தான் படம் எடுக்க வரும் என்றேன். விஜி அத்தையிடமும் அதையே சொன்னேன், அவளும் தலையாட்டினாள். பிறகு படகில் உட்கார்ந்து நீயே கையை நீட்டி எடுத்த படம் வந்தது. அதிலும் நாலு பேர்தான். அதை விஜி அத்தையிடம் காட்டவில்லை.

அவளும் எதையும் கேட்கவில்லை. வருகிறாள், காப்பி குடிக்கிறாள், வித்யா நேற்றுப் பேசினாள், மிலானில் ஒரே மழையாம் என்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் வெனிஸில் நீ வெயிலில் நிற்கும் படம் வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டரை மணி நேரம், ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியாதா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். ரயில்வேயில் இருந்தவன், நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விஜி அத்தையின் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதும் தெரியும். அதற்காகச் சொல்லவில்லை.

பொதுவாகச் சில விஷயம் சொல்கிறேன். கூட்டமான ஸ்டேஷன்களில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள். டிக்கெட் மெஷினில் உதவுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. விடுதியில் அலமாரிக்குச் சொந்தப் பூட்டுப் போடு. ஆபத்து என்றால் 112, நீங்கள் போகும் எந்த நாட்டிலும் அதே எண்தான். இத்தாலியில் ஊர்ப்புற ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். பாஸ் வைத்திருந்தால், ஏறுவதற்கு முன்பே ஆப்பில் அந்த ரயிலைச் சேர்த்துவிட வேண்டும். ஏறிய பிறகு சேர்த்தேன் என்றால் பரிசோதகர் ஒத்துக்கொள்ள மாட்டார். நானாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரவில் தனியாக நடக்காதே. யாரையும் தனியாக நடக்கவும் விடாதே. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அந்த விடுதிகளைப் பற்றி அம்மா பயந்தாள். எட்டுப் பேர், பத்துப் பேர், மாடிக்கட்டில், முன்பின் தெரியாதவர்கள். அவளுக்காக உட்கார்ந்து படித்தேன். 1909-இல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளைக் கால்நடையாகப் பயணம் கூட்டிப்போனார். வழியில் இடிமழை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி அத்தனை பேரையும் படுக்க வைத்தார். அன்றைக்குத் தோன்றிய யோசனைதான் இந்த விடுதிகள். 1912-இல் அல்டேனா என்ற ஊரின் கோட்டையில் முதல் விடுதி நிலையாக வந்தது. இதைக் கேட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் சமாதானம். வாத்தியார் நல்ல மனிதர், ஒரு பிள்ளையையும் வெளியே விடவில்லை என்றாள். அம்மா பொதுவாகத்தான் சொன்னாள்.

மலை ரயிலில் இஞ்சின் பின்னால் இருந்து தள்ளுவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். ஓட்டுநருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்மேடையில் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். பெட்டிக்கு ஓர் ஆள். இறக்கத்தில் இஞ்சின் விசில் அடித்தால் எல்லோரும் பிடிக்க வேண்டும், விடச் சொன்னால் விட வேண்டும். எனக்கும் ஆறுமுகத்துக்கும் பேச்சு நின்றுபோனது உனக்குத் தெரியும், எதற்கு என்பதும் தெரியும். குன்னூர் ஓய்வறையில் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஒரே அடுப்பில் இரண்டு முறை சோறு வடித்திருக்கிறோம். ஆனால் மறுநாள் இறங்கும்போது, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி சரிகிற இடத்தில், அவன் பெட்டிப் பிரேக்கை அவன் பிடித்தான், என் பெட்டிப் பிரேக்கை நான் பிடித்தேன். அவன் பிடிக்கிறானா என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. உன் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். அது வேறு கதை.

உன்மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவள்மேலும் இருக்கலாம். வித்யா கணக்குப் பார்ப்பாள், ரொட்டி விலையைக் கூடப் பார்ப்பாள், கூட வருகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். செலவைப் பங்கு போட ஏதோ ஆப் வைத்திருக்கிறோம் என்றாயே, அதில் அவள் பெயருக்கு எதிரே எவ்வளவு நிற்கிறது? அவள் கேட்காமல் இருந்திருப்பாள், நீயும் கேட்காமல் இருந்திருப்பாய். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா தினமும் ஞாபகப்படுத்துகிறாள். ஆனாலும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே ரிக்‌ஷாவில் போனவர்கள் நீங்கள். அந்த மற்ற மூன்று பேரை உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

பயணத் திட்டம் முழுவதையும் எனக்கு அனுப்பினாய் அல்லவா, அதில் வெனிஸிலிருந்து வியன்னா போகும் இரவு ரயிலின் முன்பதிவும் இருக்கிறது. ஆறு பேர் படுக்கும் பெட்டி, அதில் உங்களுக்கு ஐந்து இடம், ஒரே முன்பதிவு. பணம் கட்டியது நீ. அப்படியென்றால் ஐந்து படுக்கைக்கான டிக்கெட்டும் உன் போனில்தான் இருக்கும். அவளிடம் இருக்காது. மிலானிலிருந்து வெரோனாவில் மாறி வந்தால் ஊர்ப்புற ரயில், அதற்கு முன்பதிவுக் கட்டணமும் கிடையாது, பாஸில் ஒரு நாள் மட்டும் குறையும். மத்தியானம் கிளம்பினால் கூட இரவு ரயிலைப் பிடித்துவிடலாம். அவள் வந்து உன்னோடு பேசாமல் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டால் கூடப் பரவாயில்லை. டிக்கெட்டை இன்றைக்கே அவளுக்கு அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், டிக்கெட்டை மட்டும் அனுப்பு.

வியன்னா போனபின் நேரம் இருந்தால் செம்மரிங் பாதையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1854-இல் பல்சக்கரமே இல்லாமல் மலையேற்றியிருக்கிறார்கள். 1998-இல் அதற்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது, நமக்கு 2005-இல். வளைவுகளில் படம் எடுக்க வித்யாவுக்குத் தெரியும்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். என்ன செலவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம், விஜி அத்தைக்கும் தெரிய வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட் உடம்போடு.

பதிலைக் குடும்பக் குழுவில் போடாதே, எனக்குத் தனியாகப் போடு. வாசலில் விஜி அத்தையின் செருப்புச் சத்தம் கேட்கிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா