வீட்டிலேயே பிள்ளை பார்க்கக் கிளம்பும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தைப் பராமரிப்பு நிலையத்து வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பூரின் ஈசூனில் உன் வீட்டிலேயே கைக்குழந்தைகளைப் பார்க்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே முடிவை எடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நிலையத்தில் 18 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகள் 5 பேருக்கு ஓர் ஆள் என்பது விதி. வீட்டில் 2 பேர்தானே, என்ன சிரமம் என்று நானும் கணக்குப் போட்டேன். நான் கழிவறைக்குப் போகும் நேரத்தில் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆசிரியர் இருந்தார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. இரண்டாம் வாரமே, ஒரு பிள்ளை பால் கக்கிக்கொண்டிருக்க, மற்றது பசியில் வீறிட, அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தபோதுதான் அது உறைத்தது. ஆகவே பொம்மையும் பாயும் வாங்குவதற்கு முன், கூப்பிட்டவுடன் வந்து நிற்கக்கூடிய ஒருவரைப் பேசி வைத்துக்கொள். அவர் யார் என்பதைப் பெற்றோரிடமும் சொல்லிவிடு. எனக்கு அது எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக்.

அடுத்தது தூக்கம். "எங்கள் பிள்ளைகள் எல்லாம் தூளியில்தான் வளர்ந்தார்கள்" என்று ஒரு பாட்டியாவது சொல்லாமல் இருக்க மாட்டார். அவரோடு வாதாடாதே, ஆனால் தலையணையும் போர்வையும் இல்லாத, உறுதியான, சமமான மெத்தையில் மல்லாக்கத்தான் படுக்கவைப்பேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடு. ஒரு வயது நிறையாத பிள்ளையின் நாக்கில் தேன் தடவக் கூடாது என்பதையும் அப்போதே சொல். பின்னால் சொன்னால் அது குறை சொல்வதுபோல் ஆகிவிடும். (நான் பின்னால் சொன்னவள்.)

பாலர்பருவ மேம்பாட்டு அமைப்பு 2024இல் அறிவித்த முன்னோட்டத் திட்டத்தில், அது நியமித்த நிறுவனங்கள் வழியாக, 2 முதல் 18 மாதம் வரையிலான குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்கள் பணியாற்றுகிறார்கள். எனக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை; நீ முதலில் அதை விசாரித்துப் பார். தனியாகத்தான் நடத்துவேன் என்றால், முதலாளி கட்டும் மத்திய சேமநிதி (மசேநிதி) சந்தா இனி கிடையாது என்பதையும், ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவுக்குரிய சந்தாவை நீயே கட்ட வேண்டும் என்பதையும் கட்டணம் முடிவுசெய்யும்போதே நினைவில் வைத்துக்கொள். நான் இரக்கப்பட்டுக் குறைவாகக் கேட்டேன். பிறகு ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். சன்னல் கம்பிகளின் இடைவெளியை இருவருமாக அளந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன்னோடு சிசுப் பிரிவில் இருந்த அக்கா