கல்லடி முதியோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நான் நேரே நமது காலைநேர உடற்பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்ல வருகிறேன்.

போன ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போன நம்மில் பலர், அன்னதானத்தில் நிலத்தில் இருக்க முடியாமல் கதிரை தேடினோம். நானும்தான். வீட்டில் கதிரையும் கமோடும் வந்த பிறகு குந்துவதும் சம்மணம் கட்டுவதும் விட்டுப்போயின. பாவிக்காத மூட்டு இறுகத்தானே செய்யும்? அதன் பிறகுதான் கிழமைக்கு மூன்று நாள், வெயில் ஏறுமுன், கல்லடிக் கடற்கரையில் உடலை வளைத்து நீட்டும் பயிற்சியைத் தொடங்கினோம்.

முதல் பிழை என்னுடையது. வந்த கையோடு குனிந்து பெருவிரலைத் தொடப் போய், தொடையின் பின்தசை பிடித்து, பல நாள் நொண்டினேன். பிறகு வந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) முறையை மாற்றினார். முதலில் 5 முதல் 10 நிமிடம் நடை, கைகால்களை மெதுவாக வீசுதல். உடல் சூடானதும்தான் இழுவை, அதாவது தசையை நீட்டும் பயிற்சி. ஒவ்வொன்றையும் 30 விநாடியாவது அசையாமல் பிடிக்க வேண்டும். நமது வயதில் 60 விநாடி வரை போகலாம். துள்ளித் துள்ளி இழுத்தால் தசை தன்னைக் காக்கச் சுருங்கிக்கொள்ளும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். இழுவை தெரியலாம், வலி தெரியக்கூடாது.

எனக்கு அதிகம் உதவியது கெண்டைக்கால் பயிற்சிதான். சுவர் இல்லாததால் கரையேற்றிய தோணியைப் பிடித்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிக்கால் எழும்பாமல் முன்னே சாய்வோம். பின்னால் வைத்த காலின் முழங்கால் நேராக இருந்தால் கெண்டையின் மேலாக உள்ள தசை இழுபடும். சற்று மடித்தால் அதற்கு அடியிலுள்ள தசை. கணுக்கால் மடங்காவிட்டால் குந்தும்போது பின்னால் சரிவோம். பழியை மட்டும் முழங்காலில் போடுவோம்!

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகுவது கூடுதல். அவர்கள் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினார்கள். எலும்பு மெலிந்து பலம் குறைந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிய வேண்டாம்.

மாரி மழைக்கு மண்டபத்துக்கு மாறினோம், வகுப்புக்கு வருவோர் தொகை குறைந்தது. மழை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. சீலையோடு ஆண்கள் முன்னால் படுத்து எழும்புவது சங்கடம் என்று சகோதரிகள் சொன்னது நியாயம். அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். இனி அவர்களுக்குப் பின்னேரம் தனி வகுப்பு. பாய் கேட்டு ஓரிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்குள் கதிரையைப் பிடித்தாவது குந்தி எழும்பப் பழக வேண்டும். வரும் திங்கள் கடற்கரையில் மீண்டும் தொடங்குகிறோம். பாயை அவரவர் கொண்டுவரவும்.

நன்றி.
செயலாளர்